சாக்கை உருவிய செல்வராணி அக்கா

செல்வராணி அக்கா போய்விட்டார். காலையில் அவர் மகள் முகாமிலிருந்து போன் செய்தாள்... தூக்கத்திலேயே போய்விட்டாராம்.

இதையெல்லாம் இங்கே எழுதலாமா என்று மதியம் வரை யோசித்தேன். இத்தனை வருஷம் கழித்தும் போலீஸ் பயம் போகவில்லை.

வண்ணாரப்பேட்டையில் ஒரு நைட்டி தைக்கும் யூனிட்டில் என் பக்கத்து மெஷின் அக்காவுடையது. சண்டையில் கணவர் காணாமல்போய், இலங்கையிலிருந்து படகில் வந்தவர். கும்மிடிப்பூண்டி அகதி முகாமிலிருந்து ரயிலில் வேலைக்கு வருவார்.

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் சில பேர் திருவொற்றியூரில் நாடகம் போடுவோம். ராயபுரத்து ஜோசப் அண்ணன்தான் எல்லாம்... ஹார்பரில் லோடு வேலை, லீவு நாளில் டைரக்டர்.

போர் முடிந்துவிட்டது என்று டிவியில் சொன்ன வருஷம். அக்காவின் கதையைப் போடலாமா என்று அண்ணன் கேட்டார். பல நாள் கழித்து அக்கா சரி என்றார், தானே நடிப்பதாகவும் சொன்னார்.

கதை இதுதான். ராணுவம் ஊரை வளைத்து ஆம்பிளைகளை வரிசையில் நிறுத்தும். தலையில் சாக்கு மாட்டிய ஒருவன் எதிரே நிற்பான், கண்ணுக்கு மட்டும் ஓட்டை. அவன் யாரைப் பார்த்துத் தலையாட்டுகிறானோ, அவரைக் கொண்டுபோய்விடுவார்கள்.

அக்காவின் கணவரைப் பார்த்துத் தலையாட்டினான்.

முதல் ரிகர்சலில் அண்ணன் கோணிச் சாக்கை மாட்டிக்கொண்டு வந்தார். அக்கா சுவரோடு ஒட்டிக்கொண்டார்... பயத்தில் புடவை நனைந்துவிட்டது.

"யக்கா, நான்தான்க்கா ஜோசப்பு! தோ பாரு, கயட்டிட்டேன்!" சொல்லும்போதே அண்ணன் அழுதுவிட்டார். நாடகமே வேண்டாம் என்றார்.

அக்காதான் விடவில்லை. "எனக்குப் பயமாத்தான் கிடக்கு தம்பி. எண்டாலும் போடுங்கோ. சனம் பாக்கட்டும்."

ஒரு சாயங்காலம், மார்க்கெட் தெருமுனை. நல்ல கூட்டம். முன்னால் மஃப்டியில் ஒருவர்... ஷூவைப் பார்த்தே போலீஸ் என்று தெரிந்தது.

அகதி என்று தெரிந்து அக்காவைப் பிடித்துப்போய் எங்காவது அடைத்துவிட்டால்? நிறுத்திடலாமா என்று காதில் கேட்டேன். வேண்டாம் என்று தலையை மட்டும் அசைத்தார்.

அந்தக் காட்சி வந்தது. அக்கா கீழே விழுந்து அழ வேண்டும், அதோடு நாடகம் முடியும். அவர் அழவில்லை. நேராக நடந்துபோய் அண்ணன் தலையிலிருந்து சாக்கை உருவினார்.

"என்ர மனுசனை எங்க கொண்டுபோனவங்கள்? உனக்குத் தெரியும். சொல்லு."

அண்ணனுக்கு அங்கே வசனமே கிடையாது. முகமெல்லாம் வியர்வை. வாயைத் திறந்து திறந்து மூடினார்.

கூட்டத்தில் மீன் கூடையோடு நின்ற ஒரு அம்மா கத்தினார். "கேக்குதுல்ல? வாயத் தொறந்து சொல்லேன்டா பேமானி!" அப்புறம் இன்னொருத்தர். அப்புறம் தெருவே... சொல்லுடா, சொல்லுடா என்று.

முடிந்ததும் மஃப்டி ஆள் நேராக என்னிடம் வந்தார். "அந்தம்மா எந்த ஊரு?"

"காசிமேடு சார்."

"காசிமேட்டுல இப்டி எங்கமா பேசுறாங்க?"

அவர் திரும்பி அக்காவைப் பார்த்தார். "இத்தோட நிறுத்திக்கங்க" என்று சொல்லிவிட்டு பைக்கை எடுத்தார்.

ரயில்வே ஸ்டேஷன் வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தோம். பிளாட்பாரத்தில், "பயமா இருக்காக்கா?" என்றேன்.

"ஓம்" என்றார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஆனா அவ்வளவு சனமும் எனக்காகக் கேட்டதெல்லே, பிள்ளை."

அப்புறம் ரொம்ப நாள், யூனிட் வாசலில் பைக் நின்றாலே எங்கள் இரண்டு மெஷினும் நின்றுவிடும். யாரும் வரவில்லை. அந்த நாடகத்தை மறுபடி போடவும் இல்லை.

கணவரைப் பற்றி அக்காவுக்குக் கடைசிவரை ஒரு தகவலும் கிடைக்கவில்லை.

மாலை ரயிலில் முகாமுக்குக் கிளம்புகிறோம். முட்டி வலியோடு ஜோசப் அண்ணனும் வருகிறார்.

கொஞ்சம் இருங்கக்கா... வந்துகினே கீறோம்.