இரவல் டயர்

சந்திரபோஸின் வேனுக்கு வருஷத்தில் ஒரு நாள் மட்டும் நல்ல டயர் இருக்கும். பிட்னஸ் சோதனைக்குப் போகும் நாள் அது. தெஹியோவிட்டவில் கராஜ் வைத்திருக்கும் ஷிராஸிடம் நாலு டயரை இரவல் வாங்கி மாட்டுவார். சான்றிதழ் கைக்கு வந்த மறுநாளே கழற்றித் திருப்பிக் கொடுத்துவிடுவார். பன்னிரண்டு வருஷமாக ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகளை இப்படித்தான் ஸ்கூலுக்கு ஏற்றிப் போனார். விஜயகலா வரும்வரை யாரும் ஒரு குறை சொன்னதில்லை.

அவள் ரப்பர் பால் வெட்டப் போய்க்கொண்டிருந்தவள். கட்டாரில் இருக்கும் புருஷன் வேன் எடுத்துத் தர, அதே பாதையில் அவளும் ஸ்கூல் பிள்ளைகளை ஏற்ற ஆரம்பித்தாள். அதுவாவது போகட்டும். மாசம் தவறாமல் வேனைக் கராஜில் தூக்கி வைத்து பிரேக்கைப் பார்ப்பாள்.

"வருஷத்துக்கு ஒருக்காதானே கேக்குறாங்க? இவளுக்கு என்னா மாசா மாசம் சீன்?" என்று சந்திரபோஸ் தோட்டத்து வீடுகளில் லயம் லயமாகச் சொல்லித் திரிந்தார். அதைக் கேட்ட தாய்மார் பிள்ளைகளை அவள் வேனுக்கு மாற்றிவிட்டார்கள். இருபத்திரண்டு பிள்ளைகள் ஏழாகக் குறைந்தார்கள், அதிலும் ஒன்று சொந்த மகள் கோகிலா. விஜயகலாவின் வேன் எதிரே வந்தாலே அவருக்கு வயிறு எரியும். அவள் ஹோன் அடித்துச் சிரித்தால் இன்னும் எரியும்.

இந்த வருஷம் டயர்களைத் திருப்பிக் கொடுத்த கையோடு பொலிஸுக்கு ஒரு கோல் எடுத்தார். தோட்டத்து ஸ்கூல் வேன் ஒன்றில் பிரேக் சரியில்லை, பிள்ளைகளின் உயிரோடு விளையாட்டு என்று நல்ல சிங்களத்தில் பொரிந்து தள்ளினார். விஜயகலாவின் வேன் நம்பரைச் சொன்னால் தன்னைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பயந்து அதை மட்டும் விழுங்கிவிட்டார்.

மறுநாள் காலை பாலத்தடியில் பொலிஸ் பரிசோதகர் இரண்டு வேனையும் மறித்தார். விஜயகலாவை ஐந்தே நிமிஷத்தில் போகச் சொல்லிவிட்டார். அடுத்து சந்திரபோஸின் டயரை விரலால் தடவினார், உள்ளே கம்பி தெரிந்தது.

"தம்பி, இதுதான் முந்தாநாள் பாஸான வேனா?" என்று சிங்களத்தில் கேட்டு, சான்றிதழைப் பிடுங்கிக்கொண்டு வேனை ஓரம்கட்ட வைத்தார். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான்.

ஏழு பிள்ளைகளும் பையோடு இறங்கினார்கள். கொஞ்சம் தள்ளிக் காத்திருந்த விஜயகலா எல்லோரையும் ஏற்றிக்கொண்டாள்.

"அண்ணே, நீங்களும் ஏறுங்க. டவுன்ல எறங்கி டயர் பாத்துக்கலாம். யாரோ வயித்தெரிச்சல் புடிச்சவன் கோல் பண்ணியிருக்கான்."

சந்திரபோஸ் பின் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். கோயிலடி இறக்கத்தில் பழக்கதோஷத்தில் அவர் கால் மூன்று தரம் தரையை மிதித்தது. அவர் வேன் அங்கே மூன்று மிதிக்குத்தான் நிற்கும். விஜயகலா ஒரு தரம் மெல்ல மிதித்தாள், வேன் அடங்கி இறங்கியது.

அந்த இறக்கத்தில் மகள் கோகிலா தினமும் அவர் வேனில் முன்சீட்டுக் கம்பியை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். பிள்ளைகளின் விளையாட்டு என்றுதான் அவர் நினைத்திருந்தார். இன்றைக்கு அவள் கம்பியைத் தொடவேயில்லை, பக்கத்துப் பிள்ளையோடு சிரித்துப் பேசிக்கொண்டிருந்தாள். பதினைந்து பிள்ளைகள் போனபோதுகூட அவருக்கு வயிறு இப்படி எரிந்ததில்லை.