பழசு பாக்குற டீச்சர்

உடையப் போகிற பொருளை உடையாமல் வைப்பது, உடைந்துவிட்டதை அது உடைந்த கதையோடு வைப்பது, இரண்டுமே முடியாவிட்டால் அதைப் பற்றி ஓர் அட்டையில் நாலு வரி எழுதி வைப்பது: இதுதான் நான் பார்த்த வேலை. வீட்டில் பழைய வெண்கலப் பானையை எடைக்குப் போடவிடாமல் தடுத்து, "அப்ப நீயே கட்டிக்கிட்டு அழு" என்று பேச்சு வாங்கியவர்கள் உங்களில் நிச்சயம் இருப்பார்கள். நீங்கள் ஒரே வீட்டில் வாங்கிய அந்தப் பேச்சை நான் ஊர் ஊராகப் போய் வாங்கினேன்.

சென்னையில் ஓர் அருங்காட்சியகத்தில் சில வருஷம் வேலை பார்த்தேன். எழுபதுகளின் தொடக்கத்தில் அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போகவே சூரமங்கலத்துக்குத் திரும்பிவிட்டேன். அப்பா ரயில்வேயில் இருந்தவர். ஜங்ஷன் பக்கம் இஞ்சின் கூவினால் எங்கள் வீட்டு அலமாரிக் கண்ணாடி கிணுகிணுக்கும். அந்த வீட்டு முன்னறைதான் எனக்கு ஆபீஸ். பழைய கட்டடத்தை எப்படிப் பழுது பார்ப்பது, கண்காட்சியை எப்படி அமைப்பது என்று யார் கேட்டாலும் டவுன் பஸ் பிடித்துப் போய் யோசனை சொல்லிவிட்டு வருவேன். அட்டை எழுத, பொம்மை செய்ய, ஆரோக்கியசாமி என்ற பெயிண்டர் கூட வருவார். லாரிகளின் பின்புறத்தில் மயிலும் தாமரையும் வரைந்துகொண்டிருந்தவர் அவர்.

இந்த வேலைக்கு என்ன பெயர் என்று யாருக்கும் தெரியவில்லை. கண்ணாடி போட்டுக்கொண்டு, குடையும் கையுமாக வருகிற பெண் வேறு யாராக இருக்க முடியும்? எல்லோரும் சேர்ந்து என்னை டீச்சர் ஆக்கிவிட்டார்கள். ஒருமுறை திருச்செங்கோட்டுப் பக்கம் ஒரு தெருவில் நுழைந்தபோது முதல் வீட்டு அம்மாள் பக்கத்து வீட்டுக்குக் குரல் கொடுத்தார்: "ஏனுங்க அக்கா, பழசு பாக்குற டீச்சர் வாராங்க, அண்டாவ உள்ள எடுத்து வைங்க!"

அந்தோணியாருக்கு ஊசி

சேலத்துக்கு வெளியே ஒரு சின்னக் கத்தோலிக்கப் பங்கு. அங்கே கோவிலில் மரத்தில் செய்த அந்தோணியார் சுரூபம் ஒன்று உளுத்துப்போய், தொட்டால் மாவாகக் கொட்டிக்கொண்டிருந்தது. புதிதாக ஒன்று வாங்கிவிடலாம் என்று இருந்த பங்குச் சாமியாரிடம் கொஞ்ச நாள் அவகாசம் கேட்டேன். பீடத்துக்குப் பின்னால் உள்ள அறையில் சுரூபத்தைப் படுக்க வைத்து, ஜன்னலை எல்லாம் சாத்தி, மண்ணெண்ணெயில் பூச்சி மருந்து கலந்து, ஊசிக் குழாயால் ஒவ்வொரு ஓட்டையிலும் செலுத்திக்கொண்டிருந்தேன். மருந்து வாடைக்காக யாரையும் உள்ளே விடவில்லை. ஆனால் கையில் ஊசியோடு நான் உள்ளே போனதை யாரோ பார்த்துவிட்டார்கள்.

மறுநாள் காலையில் கதவுக்கு வெளியே ஒரு கூட்டம். "ஜுரம் விட்டுருச்சா டீச்சர்?" என்று கேட்டவரின் முகத்தில் சிரிப்பே இல்லை. அவர்களில் மரியபுஷ்பம் என்ற அம்மாளுக்குத்தான் அவசரம். மகளுக்கு நிச்சயம் ஆகியிருந்தது. அந்தோணியாரிடம் சொல்லாமல் அவர் வீட்டில் எந்த நல்ல காரியமும் நடந்ததில்லையாம். அவர் கதவோடு முகத்தை ஒட்டிக்கொண்டு, மாப்பிள்ளை மில்லில் வேலை பார்ப்பது, குடிப்பழக்கம் இல்லாதது, மாமியார் கொஞ்சம் முன்கோபி என்பது வரைக்கும் உரக்கச் சொல்லி முடித்தார். உள்ளே இருந்த நான் ஊசியைக் கீழே வைத்துவிட்டு, மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்தேன். அவர் குரல் உடைந்து, "நல்லா வச்சுக்குவான்ல, அப்பா?" என்று கேட்டபோது, பதில் சொல்லக் கூடாதே என்று வாயைப் பொத்திக்கொண்டேன்.

ஓட்டைகளை மெழுகால் அடைத்து, அழுக்கு மட்டும் எடுத்து, பழைய வண்ணத்தை அப்படியே விட்டுவிட்டுக் கதவைத் திறந்தேன். பளபளப்பாக வருவார் என்று காத்திருந்த கூட்டம் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தது. மரியபுஷ்பம்தான் கிட்டே வந்து, கன்னத்தில் கை வைத்துப் பார்த்துவிட்டு என்னைத் தேற்றினார்: "பரவால்ல டீச்சர். படுத்து எந்திரிச்சதுல கொஞ்சம் இளைச்சிருக்காரு. போகப் போகத் தேறிருவாரு."

கவுண்டரின் முதல் லாரி

சங்ககிரியில் நாச்சிமுத்துக் கவுண்டர் என்று ஒரு லாரி முதலாளி. அவர் முதன்முதலில் ஓட்டிய லாரி, கம்பியைச் சுழற்றிக் கிளப்புகிற பழைய வண்டி, லாரி நிறுத்தும் செட்டுக்குப் பின்னால் வேப்பமரத்தடியில் வருஷக்கணக்காக நின்றது. அதை ஆபீசுக்கு முன்னால் கூரை போட்டுக் காட்சியாக வைக்க வேண்டும் என்று என்னைக் கூப்பிட்டார். நான் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தேன். ஸ்டீயரிங்கில் கை பிடித்த இடம் மட்டும் வழவழவென்று தேய்ந்திருந்தது. கதவில் அவர் முழங்கை வைத்த இடத்தில் பெயிண்ட் போய்த் தகரம் தெரிந்தது. "இதுதாங்க கதையே. துடைங்க, கூரை போடுங்க. வேற எதையும் தொடாதீங்க" என்றேன். "செரிங்க டீச்சர், செரிங்க டீச்சர்" என்று தலையை ஆட்டினார்.

திறப்பு விழாவுக்குப் போய் இறங்கினால், கிளிப்பச்சையும் சிவப்புமாகப் புது மணப்பெண் மாதிரி நிற்கிறது லாரி. புது டயர், புது சீட்டு. பின்புறம் ஒரு மயில் தோகை விரித்திருந்தது. அந்த மயிலை எனக்கு நன்றாகத் தெரியும். ஆரோக்கியசாமி என் கண்ணில் படாமல் பந்தல்காலுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். நான் அங்கே கிடந்த பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். என் முகம் ஏன் வாடியது என்று கவுண்டருக்குப் புரியவே இல்லை. "நாலு பேரு பாக்க வாரப்ப மூஞ்சி கழுவாமயா உக்கார வெப்பாங்க டீச்சர்?" என்றார்.

அப்போது அவர் மனைவி என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டுபோய் வண்டிக்குள் எட்டிப் பார்க்கச் சொன்னார். ஸ்டீயரிங்குக்கு முன்னால் உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடம் மட்டும் பெயிண்ட் படாமல் இருந்தது. கவுண்டர் வண்டி எடுத்த ஒவ்வொரு தடவையும், திரும்பி வர வேண்டுமே என்று அந்த அம்மாள் வைத்த சந்தனமும் குங்குமமும் அங்கே காய்ந்து, அடுக்கடுக்காகப் படிந்திருந்தது. "இதுமேல பிரஷ்ஷ வெச்சீன்னா கைய ஒடிச்சுப்போடுவேன்னு பெயிண்டர்கிட்டச் சொல்லிப்போட்டனுங்க."

அந்தக் காலத்து ஆள்

எடப்பாடியில் ஒரு பள்ளிக்கூட மைதானத்தில், அந்தக் காலத்து வாழ்க்கையை ஆட்களை வைத்தே நடத்திக் காட்டுகிற கண்காட்சி. செக்கு ஓடியது, ஏற்றம் இறைத்தார்கள். குழித்தறியில் உட்கார்ந்து நெய்து காட்ட மாதையன் என்பவர் ஒப்புக்கொண்டிருந்தார். வேட்டி, துண்டோடு மட்டும் வர வேண்டும் என்று சொல்லியிருந்தேன். அவர் மடிப்புக் கலையாத டெரிலின் சட்டையில், மணிக்கட்டில் வாட்ச் மின்ன, பவுடர் போட்டுக்கொண்டு வந்து தறியில் இறங்கினார். பார்க்க வந்த கூட்டத்தில் அவருக்குப் பெண் கொடுத்த வீட்டார் இருந்தார்களாம். நான் கெஞ்சினேன். அவர் இழைக்குக் குறுக்கே ஓடுகிற நாடாவை நிறுத்தாமலே பதில் சொன்னார்: "எங்கப்பன் காலத்துல டெரிலின் கெடச்சிருந்தா அவரும் இதத்தானுங்க போட்டிருப்பாரு."

தோற்க மறுத்த கோட்டை

சங்ககிரிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில், இடிந்த சின்னக் கோட்டை ஒன்று கரடு என்கிற பாறைக் குன்றின்மேல் இருந்தது. அந்த ஊர்ப் பள்ளி ஆண்டு விழாவுக்கு, கோட்டை விழுந்த கதையைக் கரட்டடியிலேயே நடித்துக் காட்டலாம் என்று நான்தான் வாயைக் கொடுத்தேன். கோட்டை வீரர்களாக லாரி டிரைவர்களும் கிளீனர்களும் வந்தார்கள். அவர்களுக்குத் தலைவர் பொன்னுசாமி என்ற டிரைவர். வெள்ளைக்காரக் கேப்டனாக நடிக்க மட்டும் உள்ளூரில் ஒருத்தரும் சம்மதிக்கவில்லை. எங்கள் தெருவில் இருந்த டேவிட் என்ற ரயில்வே கிளார்க்கை, சிவப்பாக இருக்கிறார் என்ற ஒரே காரணத்துக்காகப் பிடித்துக்கொண்டுபோனேன். ஜன்னல் திரையை வெட்டி அவருக்குச் சிவப்புக் கோட்டு தைத்தோம். ஒத்திகையில் எல்லோரும் அருமையாகச் செத்து விழுந்தார்கள்.

விழா அன்று சாயங்காலம் சுற்றுப்பட்டு ஊரெல்லாம் பாறை பாறையாக உட்கார்ந்திருந்தது. டேவிட் வெடியைக் கொளுத்திப் போட்டார். ஒருத்தரும் விழவில்லை. மறுபடி போட்டார். பொன்னுசாமி மீசையைத் தடவிக்கொண்டு நின்றார். "விழுங்கண்ணே" என்று டேவிட் கெஞ்சியது முன்வரிசையில் இருந்த எனக்கே கேட்டது. அடுத்த நிமிஷம் கோட்டையே கீழே இறங்கி வந்து கேப்டனைத் தோளில் தூக்கிக்கொண்டு கரட்டடியைச் சுற்றியது. ஊர் விசிலடித்தது. தலைமையாசிரியர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வையை நான் இங்கே எழுதவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு, பொன்னுசாமி டேவிட்டுக்கு ஒரு கலர் சோடா வாங்கிக் கொடுத்து, கோட்டில் ஒட்டிய புழுதியைத் தட்டிவிட்டுக்கொண்டிருந்தார். நான் கிட்டே போனதும் தலையைக் குனிந்துகொண்டார். "அன்னைக்குத் தோத்தது நெசந்தானுங்க டீச்சர். ஆனா எங்க சனம் பூரா உக்காந்து பாக்கறப்ப, இன்னொருக்காத் தோக்கோணும்னா எப்புடிங்க?"

புலிகுத்தியார்

எண்பதுகளில் மழை இல்லாத ஒரு கோடை. நாமக்கல்லுக்கு வடக்கே பாவாயம்மாள் என்பவரின் வெள்ளாமைக் காட்டில் கிணறு வறண்டு, மாட்டுக்குக்கூடத் தண்ணீர் இல்லை. போர் போடலாம் என்று நீரோட்டம் பார்த்ததில், உள்ளங்கையில் படுக்க வைத்த தேங்காய் எழுந்து நின்ற இடம் ஒரு பழைய கல்லின் காலடி. பாயும் புலியை ஒருவன் ஈட்டியால் குத்துகிற நடுகல் அது. அவர்கள் வீட்டில் அதைப் புலிகுத்தியார் என்பார்கள். மாடுகளைக் காப்பாற்றப் போய் உயிரைவிட்ட தங்கள் முன்னோர் என்று நம்பினார்கள். மாட்டுப் பொங்கலன்று முதல் பிடி பொங்கல் அவருக்கு, அப்புறம்தான் மாட்டுக்கு. கல் நகர்ந்தால்தான் போர் போடுகிற ரிக் வண்டி நிற்க முடியும். ஊரில் என் யோசனைப்படி புதிதாக ஒரு காட்சிக்கூடம் அமைத்துக்கொண்டிருந்தார்கள். அங்கே கொண்டுபோய் வைத்துவிடுங்கள் என்று பாவாயம்மாளின் மகன் என்னிடம் வந்து கேட்டான். அம்மாவும் சரி என்றாராம்.

மூன்று கம்பங்களை முக்காலியாக நட்டு, பாரம் தூக்குகிற செயின் பிளாக் மாட்டி, கயிறு எடுக்கும்வரை பாவாயம்மாள் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்கள் கயிற்றைக் கல்லில் இருந்த வீரனின் கழுத்து மட்டத்தில் சுற்றியபோதுதான் ஓடி வந்தார். "கழுத்துல போடாதீங்க சாமி. இடுப்புல போடுங்க." இடுப்பில்தான் போட்டோம். டிராக்டர் பெட்டியில் வைக்கோல் பரப்பிக் கிடத்தினோம். வழி முழுக்க அவர் பெட்டியிலேயே உட்கார்ந்து, கல் ஆடாமல் பிடித்துக்கொண்டு வந்தார். அடுத்த வாரம் ரிக் வந்தது. கொப்பளித்து அடிக்கவில்லை. குடிக்கவும் மாட்டுக்கும் போதுமான தண்ணீர் கிடைத்தது.

அடுத்து வந்த மாட்டுப் பொங்கலுக்குப் பாவாயம்மாள் சும்மா இருக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். அதனால் சூரமங்கலத்திலிருந்து முதல் பஸ்ஸில் கிளம்பிக் காட்சிக்கூடத்துக்குப் போனேன். விடுமுறை நாள், கேட்டு பூட்டிக் கிடந்தது. உள்ளே காவல்காரர், வெளியே பொங்கல் வைத்த பித்தளைப் போசி, எண்ணெய்க் கிண்ணம், பிளாஸ்டிக் கேன் சகிதம் பாவாயம்மாள். நான் காவல்காரரிடம் சொல்லித் திறக்க வைத்தேன். எண்ணெய் ஊறினால் தூசி பிடித்து முகம் மழுங்கிவிடும் என்று பாவாயம்மாளிடம் சொன்னேன். சண்டை போடுவார் என்று நினைத்தேன். அவர் கல்லின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, எண்ணெய்க் கிண்ணத்தை வாசல் பக்கம் கொண்டுபோய் வைத்தார். "தண்ணி ஊத்துனா ஒண்ணும் ஆவாதுங்களா?" என்று கேட்டார். ஆகாது என்றேன். கேனைத் திறந்தார். "அவரு எடங் குடுத்ததால வந்த தண்ணிங்க இது. இன்னும் ஒரு வாய் குடிக்கலியே அவரு."

பார்த்துக்கொண்டிருந்த காவல்காரர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். பாவாயம்மாள் தலையோடு தண்ணீர் ஊற்றி, முந்தானையால் முகத்தையும் தோளையும் ஒற்றி, ஒரு பிடி பொங்கலை இலையில் வைத்தார். நான் கண்ணாடியைத் துடைத்துக்கொள்ள அந்தப் பக்கம் திரும்பினேன். பாவம் காவல்காரர், வேலைக்குப் பயந்தவர். ஆரோக்கியசாமி 'தொடாதீர்கள்' என்று எழுதி மாட்டியிருந்த பலகையைக் காட்டி, "போர்டு இருக்குதுங்கம்மா" என்று மெதுவாகச் சொன்னார். பாவாயம்மாள் திரும்பிப் பார்த்து, கோபம் இல்லாமல் சொன்னார்: "அது பாக்க வாரவங்களுக்கு, சாமி. நாங்க சொந்தக்காரங்க."

பூச்சியிடமிருந்தும் மழையிடமிருந்தும் பழைய பொருளைக் காப்பாற்ற எனக்குத் தெரிந்திருந்தது, அதன்மேல் பாசம் வைத்தவர்களிடமிருந்து காப்பாற்ற மட்டும் கடைசிவரை வழி தெரியவில்லை, தெரியாமல் போனதும் நல்லதுதான்.