மச்சானின் டிரம்முக்குக் கட்டம் வைத்தது

கைபேசியில் நான்கு வரிசையாகக் கட்டங்கள் மேலிருந்து விழும். பாட்டின் தாளத்தோடு அவை அடிக்கோட்டைத் தொடும்போது தட்ட வேண்டும். இந்த விளையாட்டில் இரண்டு வருடம் கட்டைவிரல் தேய்ந்தபின், நாமே ஒரு பாட்டுக்குக் கட்டம் வைத்தால் என்ன என்று தோன்றியது. சார்ட் போடுவது என்பார்கள். எனக்கு முப்பத்தாறு வயதாகிறது என்பதை என் மனைவி நினைவுபடுத்தினாள்.

அடுத்தவர் பாட்டை எடுத்தால் வம்பு. மனைவியின் தம்பி கீழ்பென்னாத்தூரில் பேண்டு செட்டில் டிரம் அடிப்பவன். ஒரு மாப்பிள்ளை அழைப்பில் அவர்கள் வாசித்ததைப் பதிவு செய்து அனுப்பியிருந்தான். அதையே எடுத்துக்கொண்டேன்.

கேட்ட ஒவ்வொரு அடிக்கும் ஒரு கட்டம் வைத்தேன். மனைவி வேங்கிக்காலில் டைப்பிங் வேலை பார்ப்பவள். விரல் வேகத்தில் அவளை மிஞ்ச ஆளில்லை. அவளே அரை நிமிடத்தில் கைபேசியைத் திருப்பிக் கொடுத்தாள்.

“சத்தம் கேக்கிற எடத்துல எல்லாம் வெச்சிருக்கீங்க. மனுஷனுக்கு எத்தினி வெரலு?”

பாதியை எடுத்தேன். அடுத்த சிக்கல் வேகம். நிமிடத்துக்கு எத்தனை தட்டு என்று மென்பொருள் கேட்கும். எண்ணிப் பார்த்து நூற்றிருபது என்று போட்டிருந்தேன். முதல் நிமிடம் கச்சிதம். அப்புறம் டிரம் முன்னால் போய்விடும், கட்டங்கள் பின்னால் வரும். கைபேசியைச் சந்தேகித்தேன். ஹெட்போனை மாற்றினேன். மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போயின. கடைசியில் மனைவி ஹெட்போனை வாங்கிக் கேட்டுவிட்டு, தன் தம்பிதான் தாளத்தை விட்டு ஓடுகிறான் என்றாள்.

பஸ் பிடித்துப் போனேன். மச்சான் களத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலையைக் காயவைத்துக்கொண்டிருந்தான். கலைஞனிடம் குறை சொல்வது எப்படி என்று யோசித்து, தாளம் மாறுவதற்கு ஏதாவது கணக்கு உண்டா என்று பணிவாகக் கேட்டேன். அவன் பதிவைக் கண்ணை மூடிக் கேட்டான்.

“இங்க பந்தி போட்டுட்டாங்க மாமா. லேட்டா போனா வடை இருக்காது.”

கொஞ்ச தூரத்தில் தாளம் தளர்ந்தது. அது வேகத்தடையாம், பின்னால் வந்த ஜெனரேட்டர் வண்டி ஏறி இறங்க வேண்டும். ஓரிடத்தில் டிரம் சத்தமே இல்லை. அங்கே மட்டும் திரும்பி மல்லாட்டையைக் கிளறினான். குச்சி கீழே விழுந்துவிட்டதாம்.

எல்லாவற்றையும் நோட்டில் குறித்துக்கொண்டு வந்து, பதினோரு இடங்களில் வேகத்தை மாற்றினேன். குச்சி விழுந்த இடத்தில், விரலை எடுக்காமல் அழுத்திப் பிடிக்கிற நீளக் கட்டம் ஒன்று வைத்தேன். இப்போது சார்ட் பாட்டோடு ஒட்டிக்கொண்டது. அன்று என்னமோ வீடு கட்டி முடித்த மாதிரி இருந்தது.

இணையத்தில் ஏற்றினேன். எந்த ஊரோ தெரியாத ஒருவர், நடுவில் வரும் அந்த மௌனம்தான் உச்சம், எப்படித் தோன்றியது என்று கேட்டு எழுதியிருந்தார்.

மச்சான் வீட்டுக்கு வந்தபோது விளையாடக் கொடுத்தேன். பந்தி போட்ட இடத்தில் தோற்றான். தான் இவ்வளவு வேகமாக வாசிக்கவே இல்லை, நான்தான் ஏற்றிவிட்டேன் என்று சாதித்தான். பக்கத்தில் உட்கார்ந்து அவன் அக்கா ஒரு கட்டம் விடாமல் முடித்தாள். அவன் முகம் தொங்கியதால் அந்த வெளியூர்க்காரரின் பாராட்டைப் படித்துக் காட்டினேன். இன்னொரு தடவை படிக்கச் சொன்னான்.

“அந்த எடத்துல வேணும்னேதான் அடிக்காம விட்டேன்னு எழுதிடுங்க மாமா” என்றான்.

எழுதினேன்.