உப்பிய கன்னம்

என் மகனுக்கு நான்கு வயதில் திடீரென்று கன்னம் உப்பியது. நான் பூரித்துப் போனேன். முட்டாள்! ஊரிலிருந்து வரும் கடிதமெல்லாம், "பிள்ளை ஏன் குச்சியாக இருக்கிறான், சோறு போடுகிறாயா இல்லையா?" என்று மாமியார் கேட்கும் கேள்விதான். இப்போது பார்க்கட்டும் என்று புதுச்சட்டை போட்டுவிட்டு, சிராங்கூன் ரோட்டு ஸ்டூடியோவில் படம் எடுத்து அனுப்பினேன்.

நாலே நாளில் அவனுக்கு இமை திறக்க முடியவில்லை. சிறுநீர் பால் விடாத கோப்பி நிறத்தில் போனது. கணவருக்குச் செம்பவாங்கில் கப்பல் பழுதுபார்க்கும் வேலை, ஞாயிற்றுக்கிழமைதான் வருவார். நானே பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

"இது சதை இல்லம்மா, நீர்," என்றார் தமிழ் நர்ஸ். "கால்ல சிரங்கு வந்துச்சா?"

"வந்துச்சு. இந்த வெக்கைக்கு எல்லாப் புள்ளைக்கும் வர்றதுதானேன்னு விட்டுட்டேன்."

"அந்தக் கிருமியாலதான் கிட்னி கெட்டிருக்கு. ஒண்ணுக்குப் போகலன்னா உசுருக்கே ஆபத்து. சொட்டு விடாம அளக்கணும்."

எத்தனை நாளாக வீக்கம் என்று டாக்டர் கேட்டார். ஸ்டூடியோவுக்குப் போன நாளிலிருந்து விரல் விட்டு எண்ணிச் சொன்னேன்.

அன்றே அவனை வார்டில் சேர்த்துக்கொண்டார்கள். உப்பில்லாத சோறு. தண்ணீரும் அளவுதான். மதியம் இரண்டு மணி நேரம்தான் பார்க்க விடுவார்கள். போனதும் நான் பிள்ளை முகத்தைப் பார்ப்பதற்கு முன் கட்டிலடியில் இருக்கும் அளவுக் குவளையைத்தான் பார்ப்பேன். அடி நனைந்திருந்தால் அதிகம். திரும்பி வரும்போது கீழ்க்கடைக்காரர், "என்னம்மா, புள்ளயக் காணோம்லா?" என்பார். "தூங்குறான்" என்று சொல்லிவிட்டு மாடியேறுவேன். கடைக்கு மேலே நாங்கள் குடியிருந்த ஒற்றை அறையில் அந்த நாட்களில் நான் சமைக்கவே இல்லை. ஒருத்திக்கு என்ன உலை வேண்டிக்கிடக்கிறது?

ஆறாம் நாள் மதியம் என் மடியில் படுத்தவன் அப்படியே தூங்கிப்போனான். சற்று நேரத்தில் புடவை சூடாக நனைந்தது. நனைந்துகொண்டே இருந்தது.

"அளக்கணும்னு சொன்னேன்ல!" என்று நர்ஸ் கத்தினார். பிறகு என் புடவையைப் பார்த்தார். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. "போகட்டும், நல்லாப் போகட்டும்."

ஈரப் புடவையோடு பஸ்ஸில் நின்றபடியே வந்தேன். பக்கத்தில் நின்றவர்கள் மூக்கைச் சுளித்து விலகினார்கள். அறைக் கதவைச் சாத்திவிட்டு, சுவரைப் பார்த்துச் சத்தமாகச் சொன்னேன்: "எம்புள்ள ஒண்ணுக்குப் போயிட்டான்."