மலர்க்கொடி பார்த்து எடுத்த மாலை

கிளிஞ்சல்மேட்டு மலர்க்கொடியும் நானும் இருபது வருடமாகக் கோட்டுச்சேரித் தெருக்களில் மீன் கூடை சுமப்பவர்கள். சுனாமியில் அவள் புருஷனையும் பெண் குழந்தையையும் கடல் கொண்டுபோனது. மிஞ்சியது எட்டு வயது ராஜா. மழை வெயில் பாராமல் நடந்து விற்றே அவனை இன்ஜினியராக்கினாள். இன்ஜினியர் துரை சென்னைக்கு வேலைக்குப் போனார். கல்யாணச் செய்தியே போனில்தான் வந்தது. "ரிஜிஸ்டர் ஆபீஸ்ல அவசரமா முடிஞ்சிடுச்சும்மா" என்றான்.

அடுத்த மாதம் ஊருக்கு வந்தவன், சுனாமிக்கு முந்தி எடுத்த அவளுடைய போட்டோ ஒன்றைக் கேட்டு வாங்கிப்போனான். "சொர்ணாக்கா, பிரேம் போட்டு வூட்டுல மாட்டப் போறானாம்" என்று மார்க்கெட் முழுக்கச் சொல்லி மாய்ந்தாள். நானும் சந்தோஷப்பட்டேன். என் புத்தியைச் செருப்பால்தான் அடிக்க வேண்டும்.

மருமகள் பிரதீபாவை அவள் கண்ணால் பார்த்ததே இல்லை. உண்டாகியிருக்கிறாள் என்று தெரிந்ததும் விரல்விட்டு மாதத்தை எண்ணினாள். ஏழாம் மாதம் வளைகாப்பு வைப்பார்கள் என்று தானாகவே முடிவுகட்டி, காரைக்கால் கடைத்தெருவில் இரண்டு டஜன் பச்சைக் கண்ணாடி வளையல் வாங்கிக்கொண்டு ரயில் ஏறிவிட்டாள். தாலி அறுத்தவள் வளையல் அடுக்கக் கூடாது என்பது அவளுக்குத் தெரியாதா? "வாசல்ல நின்னு ஒரு தடவ அது மொகத்தப் பாத்துட்டு வந்துர்றேன்க்கா. அது போதும்" என்றாள்.

எழும்பூரில் இறங்கிப் போன் போட்டாள். ராஜா ஓடிவந்தான். முகத்தில் ஈயாடவில்லை. "வளைகாப்பு அடுத்த மாசந்தாம்மா. இன்னைக்கு வீட்டுல பெயின்ட் அடிக்கிறாங்க. சாயங்காலம் போவலாம், அதுவரைக்கும் ஊரச் சுத்திப் பாரு" என்றான்.

முதலில் மியூசியம். திமிங்கல எலும்புக்கூட்டைச் சுற்றிச் சுற்றி வந்து, "இதக் கரைக்கு இழுக்க எத்தன ஆளு புடிச்சிருக்கும்" என்று கேட்டாள். அங்கிருந்து மெரினாவுக்கு நடை. "நம்ம கடலுதானடா இது! இதப் பாக்கவா இம்மாந்தூரம் வந்தேன்? வூட்டுக்குப் போவம்" என்றாள். கலங்கரை விளக்கத்தையும் பார்த்துவிடலாம் என்றான். மணலோரமாகவே நடந்தார்கள். அவளுக்கு நடை பழக்கம். ஷூ போட்ட துரைக்குத்தான் குதிகால் கொப்பளித்தது. போகிற இடமெல்லாம் அவளை நிற்கவைத்துப் போட்டோ வேறு எடுத்தான். வளையல் பையை மட்டும் அவள் அவனிடம் தரவில்லை, உடைத்துவிடுவானாம்.

மூன்று மணிக்கு மயிலாப்பூர். குளத்தோரப் பூக்கடையில், "படத்துக்கு ஒரு மாலை வேணும்மா" என்றான். அப்பன் படத்துக்குத்தான் என்று நினைத்து அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. செவுளைத் தூக்கி மீன் பார்ப்பதுபோல ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்து, வாடியதை எல்லாம் ஒதுக்கி, நெருக்கமாகக் கட்டிய சம்பங்கி மாலை ஒன்றை எடுத்தாள்.

போட்டோக்களைப் பார்க்கச் சொல்லி அவள் கையில் போனைக் கொடுத்துவிட்டு, அவன் தண்ணீர் பாட்டில் வாங்கப் போனான். போன் அடித்தது, வீடியோ கால். பச்சையைத் தொட்டாள். பட்டுப்புடவையில், வாயும் வயிறுமாக ஒரு பெண். அவள் பின்னால், மணைப் பலகையில், மலர்க்கொடியின் அதே போட்டோ. கண்ணாடிமேல் சந்தனப் பொட்டு, முன்னால் குத்துவிளக்கு.

"யாருங்க நீங்க? அவர் எங்க? அத்தை படத்துக்கு மாலை போட்டுட்டுத்தான் வளையல் அடுக்கணுமாம். அஞ்சு மணிக்கு எல்லாரும் வந்துடுவாங்க."

இருபது வருட வெயில் தின்ற முகம். படத்தில் இருப்பவள்தான் எதிரில் பேசுகிறாள் என்று அந்தப் பெண்ணுக்கு எப்படித் தெரியும்?

மலர்க்கொடி அந்த முகத்தை நன்றாகப் பார்த்துக்கொண்டாள். அதற்குத்தானே வந்தாள். "நான் பூக்காரிம்மா. அவங்க தண்ணி வாங்கப் போயிருக்காங்க. மால நல்லா இருக்கு, கவலப்படாத" என்றாள்.

திரும்பி வந்த ராஜாவுக்கு அவள் முகத்தைப் பார்த்ததுமே விளங்கிவிட்டது. "அப்பாவோட நீயும் போயிட்டேன்னு சொல்லிட்டேம்மா... மீன் விக்கிற வீடுன்னா அவங்க பொண்ணு குடுக்க மாட்டாங்க..." என்று மென்று விழுங்கினான். மறுநாள் ஊருக்குத் திரும்பி என்னிடம் இதைச் சொன்னபோதுகூட அவள் அழவில்லை.

மாலையை அவன் கையில் வைத்தாள். வளையல் பையை வைக்கவில்லை.

"கொண்டுபோய்ப் போடு. சொன்னத மாத்தாத. ஒரு நாளு நான் செத்துட்டேன்னு ஊர்லேந்து போன் வரும். அப்ப கொள்ளி வெக்க வந்துராத. ஒருத்திக்கு ரெண்டு சாவு கெடையாதுடா."