ஃபரீத் நானா கட்டிய அடைக்கலத் தொட்டி

காலைத் தேநீரைக் கையில் எடுத்தபோது ஃபரீத் நானாவின் மகள் றிஸ்னா தொலைபேசியில் அழைத்தாள். “மாமா, வாப்பா மௌத்தாகிட்டாங்க” என்றாள். விடியற்காலையில் சுபஹுத் தொழுதுவிட்டு வந்து, நெஞ்சு நோகுது என்று கதிரையில் இருந்தவர் பிறகு எழும்பவில்லையாம்.

அன்றே அடக்கம். என்னையும் என் சக்கர நாற்காலியையும் ஏற்றக்கூடிய வான் ஒன்றைப் பிடித்துக் கிண்ணியாவுக்குப் போய்ச் சேர்ந்தபோது ஜனாஸாவைத் தூக்கிவிட்டார்கள். அடக்கம் செய்யும் மையவாடியின் வாசல் மணலில் சக்கரம் புதைந்தது. தூக்கிக்கொண்டு போகட்டுமா என்று யாரோ கேட்டார்கள். வேண்டாம் என்றேன். இரண்டு காலும் நன்றாக இருந்த மனிதரை உள்ளே மண்ணில் வைத்துக்கொண்டிருக்க, நான் வெளியே வெயிலில் உயிரோடு உட்கார்ந்திருந்தேன். அங்கே நின்றவர்களில் பலருக்கு என்னைத் தெரியும். அவர்கள் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது.

திருகோணமலையில் கடலட்டை பிடிக்கக் கடலடிக்குச் சுழியோடிய எவருக்கும் ஃபரீத் நானாவைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்; எங்கள் பக்கத்தில் நானா என்றால் அண்ணன். நான் அவருடைய படகில் சுழியோடினேன். ஒருநாள் அவர் இறங்குவார், மறுநாள் நான். மேலே இருப்பவர்தான் கணக்குப் பார்க்க வேண்டும்: கீழே போனவன் எந்த ஆழத்தில் எவ்வளவு நேரம் நின்றான், மறுபடி இறங்க எவ்வளவு ஆறவேண்டும் என்று. அன்று மேலே இருந்தவர் அவர். “இன்னொருக்கா இறங்கட்டா நானா?” என்று நான் கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்தார். “ம்... கெதியா வா” என்றார்.

அவ்வளவுதான் நடந்தது. போதிய நேரம் ஆறாமல் மறுபடி இறங்கினேன்; ஏறி வந்து படகில் இருந்தபோது கால்கள் மரத்துக்கொண்டு வந்தன. இரத்தத்தில் காற்றுக் குமிழ்கள் என்று வைத்தியசாலையில் சொன்னார்கள். கால்கள் திரும்பி வரவேயில்லை. இறங்கக் கேட்டவன் நான். ஆனால் அவர் காதில் நின்றது அவருடைய அந்த ‘ம்’ மட்டும்தான். படகை விற்றுவிட்டு மச்சானின் கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். பிறகு பல வருடம் கடலில் கால் வைக்கவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆத் தொழுகை முடிந்து, அளவு நாடாவோடு அன்புவழிபுரத்தில் எங்கள் வீட்டுக்கு வந்தார். “உனக்குப் பவளப்பாறையை இஞ்ச கொண்டு வரப்போறன்” என்றார். நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. கடலிலிருந்து ஒரு பவளத் துண்டையும் உடைக்கமாட்டேன் என்று முதலிலேயே சொன்னார். வீட்டுக்குள் ஒரு கண்ணாடித் தொட்டி வைத்து, அதில் சீமெந்தில் பாறை செய்வோம், பவளத்தைத் தொட்டியிலேயே வளர்த்து விற்கிறவர்கள் கொழும்பில் இருக்கிறார்கள், அவர்களிடம் வாங்குவோம் என்றார்.

இப்படிப்பட்ட கடல்நீர்த் தொட்டிக்குக் கீழே இன்னொரு தொட்டி வேண்டும். அதைச் சம்ப் என்பார்கள். மேலே நிரம்பி வழியும் நீர் குழாய் வழியாக அதற்குள் இறங்கும். அழுக்கு அங்கே பிரியும். மோட்டார் நீரைத் திரும்ப மேலே அனுப்பும். வழக்கமாகப் பெரிய தொட்டியை உயரமான மேசையில் வைத்து, அடியில் இதை வைப்பார்கள். ஆனால் நாற்காலியில் இருக்கிற என் கண்ணுக்கு நேரே மீன்கள் நீந்த வேண்டும் என்பது நானாவின் பிடிவாதம். மேசையைத் தாழ்த்தினால் அடியில் சம்புக்கு இடமில்லை. இரண்டு வெள்ளிக்கிழமை சுவரைப் பார்த்துக்கொண்டே இருந்தார். மூன்றாவது வெள்ளி குசினியில் சுவரோரமாகத் தரையை உடைத்துப் பள்ளம் தோண்டத் தொடங்கினார். நீளமான, உயரம் குறைந்த கண்ணாடித் தொட்டியை அதற்குள் இறக்கினார். மேலே பலகை மூடி. என் சக்கரம் அதன் மேல் தடங்கலில்லாமல் உருண்டது.

எல்லாம் பூட்டி முடித்ததும், “கரண்ட் போனா என்ன நடக்கும் எண்டு பாப்பம்” என்று மோட்டாரை நிறுத்தினார். நீர் மேலே போகாமல் நின்றது. ஆனால் திரும்பும் குழாயின் வாய் தொட்டிக்குள் ஆழமாக இருந்ததால், அதே குழாய் வழியாக நீர் பின்னோக்கி இறங்கத் தொடங்கியது. சம்ப் நிரம்பி, பள்ளம் நிரம்பி, குசினி முழுக்க உப்புத் தண்ணீர். என் மனைவி வசந்தி அரிசி மூட்டையைத் தூக்கிக்கொண்டு, “நானா, கடலை எல்லே கொண்டு வந்திட்டீங்கள்!” என்று சிரித்தாள்.

அவர் சாக்கால் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். திடீரென்று துடைப்பதை நிறுத்தினார்.

“அண்டைக்குப் படகிலயும் நான்தான் கணக்குப் பாத்தன்” என்றார்.

வசந்தியின் சிரிப்பு நின்றுவிட்டது. “நானா, இறங்கட்டா எண்டு கேட்டது நான்” என்றேன். எத்தனையோ தரம் சொன்னதுதான். அவர் தலையை ஆட்டினார், ஒப்புக்கொள்ளவில்லை. அடுத்த முறை வந்து, குழாயில் நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு சிறிய துளை போட்டார். நீர் இறங்கியதும் துளை காற்றை இழுக்கும், ஓட்டம் அறுந்துவிடும். சம்பிலும் பாதிக்கு மேல் நீர் விடவில்லை. “வெறும் இடம் எண்டு நினைச்சு நிரப்பிராத தம்பி. அது வாற தண்ணிக்கு வச்ச இடம்” என்றார்.

பிறகு ரெஃபியூஜியம். மீன் இல்லாத தனி அறை அது. அதில் கடற்பாசி வளரும், நீரின் கழிவை உண்ணும். மீன்கள் வந்து தின்னாததால் கண்ணுக்குத் தெரியாத சிறு உயிர்கள் அங்கே பெருகும். அதன் பெயருக்கு அடைக்கலம் என்று பொருள் என்றேன். “அப்ப அகதி முகாம் எண்டு சொல்லு” என்றார். சண்டைக் காலத்தில் அவரும் குடும்பத்தோடு முகாமில் இருந்தவர். “முகாமில இருந்தவனுக்குத் தெரியும், கொஞ்சக் காலத்துக்கு ஒருத்தரும் வந்து கடிக்காத இடம் எண்டா என்ன எண்டு.”

அதையும் பள்ளத்துக்குள்ளேயே வைப்பதாகத் தாளில் வரைந்து காட்டினார். பாசியை அள்ளிக் குறைக்க வாரந்தோறும் தானே வருவாராம். “நீ ஒண்டும் செய்யத் தேவையில்ல, பாத்துக்கொண்டிருந்தாப் போதும்” என்றார். எனக்குக் கோபம் வந்தது.

“பாத்துக்கொண்டிருக்கிறதுக்கு எனக்கு இது வேண்டாம். உங்கட மனப்பாரத்தை இறக்கிறதுக்கு என்ர வீட்டைக் கிண்டாதேங்கோ.”

கதிரையில் இருந்துவிட்டார். பிறகு, “எனக்கும் கடலுக்க போக ஏலாது சிவம்” என்றார். அவர் என்னைப் பெயர் சொல்லி அழைப்பது அரிது. “உனக்கு மட்டும் எண்டா நினைச்ச?”

என் கால்களைப் பற்றியே எல்லாரும் பேசினார்கள், நானும் அதையே பேசினேன். கால்கள் இருந்தும் கடலை விட்ட மனிதரைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை.

அவர் வரைந்ததை அழித்து மறுபடி வரைந்தார். அடைக்கலத் தொட்டி பள்ளத்திலிருந்து மேலே வந்தது. பெரிய தொட்டியின் பக்கத்தில், அதைவிடச் சற்று உயரத்தில், என் கை எட்டும் இடத்தில். மோட்டார் நீரில் ஒரு பங்கை அதற்கு அனுப்புகிறது. அங்கிருந்து நீர் தானாகவே வழிந்து தொட்டிக்குள் விழுகிறது, அந்தச் சிறு உயிர்களையும் சேதமில்லாமல் கொண்டுவந்து மீன்களுக்குக் கொடுக்கிறது. பாசியை அள்ளுவது என் வேலையானது. முதல்தரம் முழங்கை வரை நீரில் விட்டபோது, விரலில் ஏதோ ஊர்ந்தது. நான் அழுதேன். அவர் குழாயைப் பார்ப்பதுபோல் திரும்பி நின்றார்.

போன வருடம் அமைதியான ஒரு காலையில் சீனன்குடாப் பக்கம் என்னைக் கூட்டிக்கொண்டு போனார். வசந்தியும் அவரும் தாங்கி நீரில் இறக்கினார்கள். என் கால்கள் மிதந்தன. சுழியோடும் கண்ணாடியை என் முகத்தில் மாட்டிவிட்டுத் தானும் ஒன்றை மாட்டினார். ஒரு கையால் என் முதுகைத் தாங்கிக்கொண்டே தலையை நீருக்குள் விட்டார். மூச்சு வாங்க எழும்பினார், மறுபடி விட்டார். கரையில் தலையைத் துவட்டிக்கொண்டு, “எனக்கு இன்னும் ஏலும் தம்பி” என்றார். அடுத்த சோளகத்துக்கு, தென்மேற்குக் காற்றில் எங்கள் கடல் அடங்கும் காலத்துக்கு, படகு பார்ப்போம் என்றும் சொன்னார். சோளகம் இப்போது வந்துவிட்டது.

பழி யாருடையது என்பதில் அவரும் நானும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. பாதியாவது தாருங்கள் என்று கேட்டிருக்கிறேன். தரமாட்டார். உப்பு அளக்கவும், கண்ணாடி ஒட்டவும், குழாயில் காற்றுக்கு வழி விடவும் அவரிடமிருந்து கற்றேன். அவை என்னோடு இருக்கும். ஆனால் மையவாடி வாசலில் அந்த வெயிலில் எனக்குத் தெரிந்தது வேறு. பங்கு தர மறுக்க இனி அவர் இல்லை, அந்தப் பழி முழுவதும் இனி எனக்குத்தான். இறக்கி வை என்று வசந்தி சொல்கிறாள். அவர் இத்தனை காலம் தனியாகச் சுமந்ததை உடனே இறக்கி வைக்க எனக்கு மனம் வரவில்லை.