நிக்காஹ் சபையில் நான் அழவில்லை

என் தொண்டையைப் பற்றி எழுதப் போகிறேன் என்று அறிந்த மாத்திரத்தில், இதைப் படிப்பவர்களில் சிலருடைய நினைவுக்கு ஒரு மருந்து வந்திருக்கும். அதிமதுரம், சித்தரத்தை, வெந்நீரில் கல்லுப்பு, அல்லது தங்கள் பெரியப்பாவுக்கு மூன்றே நாளில் குணம் கண்ட ஓர் எண்ணெய். அருள்கூர்ந்து அதைத் தங்களிடமே வைத்துக்கொள்ளுங்கள். இருபதாண்டுகளுக்கு மேலாக எனக்கு மருந்து சொன்னவர்களுள் ஒருவர்கூட, முதலில் என்ன நோய் என்று கேட்டுவிட்டுச் சொன்னதில்லை.

நீடாமங்கலத்தில், இரயில் நிலையத்திலிருந்து கடைத்தெருவுக்குத் திரும்பும் இடத்தில், பயணப் பெட்டிகள் விற்று வந்தேன். தொடக்கத்தில் தகரப் பெட்டிகள். பிறகு சுற்றுப்பட்டு ஊர்களிலிருந்து வளைகுடாவுக்கும் சிங்கப்பூருக்கும் ஆட்கள் போகத் தொடங்கவே, சக்கரம் வைத்த சூட்கேஸ்கள். பக்கத்துக் கடையில் எஸ்.டி.டி. பூத் திறந்த காலத்தில்தான் என் குரல் கெட்டது. ஒரு நாள் காலையில் தொலைபேசியில் சென்னை மொத்த வியாபாரியிடம் சரக்குக் கேட்டபோது, தொண்டையை உள்ளிருந்து ஒரு கை இறுக்கியதுபோல் சொல் பாதியில் அறுந்தது. விட்டது, மறுபடியும் இறுக்கியது. சளி என்று எண்ணினேன். அந்தச் சளி இன்னும் போகவில்லை.

அன்று முதல் நான் எதைச் சொன்னாலும், விம்மிக்கொண்டே பேசுபவனின் குரலாகவே அது பிறர் காதில் விழுந்தது. விலை சொன்னால் வாங்க வந்தவர்கள் பதறினார்கள். பதறாதவர்கள் கேலி செய்தார்கள்.

"சூட்கேஸ் வெலையச் சொல்றதுக்கு ஏன் பாய் அழுவுறீங்க? அழுவ வேண்டியவன் நான்ல!" என்றார் பூதலூரிலிருந்து வந்த ஒரு விவசாயி. கடையே சிரித்தது. சொல்வதற்கு வருந்துகிறேன், நானும் சிரித்தேன். சிரிப்பு மட்டும் ஒரு தடங்கலும் இன்றி வந்தது.

இந்த நோயின் கேடு அதுதான். சிரிப்பு வரும். பாட்டு வரும். பள்ளிவாசலில் ராகத்தோடு ஓதினால், இளமையில் இருந்த அதே குரல் வரும். ஓதி முடித்துத் திரும்பி, பக்கத்தில் இருப்பவரிடம் மணி என்ன என்று கேட்டால், அந்தக் கை மறுபடியும் பிடித்துக்கொள்ளும். இதைக் கண்டவர்கள் தங்களுக்கு எளிதான முடிவுக்கு வந்தார்கள்.

"அல்லாகிட்ட பேசறப்ப மணி மாதிரி பேசுறாரு. நம்மகிட்ட பேசத்தான் மனசில்ல," என்று ஒருவர் என் முதுகுக்குப் பின்னால், எனக்குக் கேட்கும்படியாகவே சொன்னார்.

தஞ்சாவூர் மருத்துவர் ஒருவர் கண்ணாடியை உள்ளே விட்டுப் பார்த்து, தொண்டை நன்றாக இருக்கிறது, மனத்தில்தான் கோளாறு என்றார். வெகு காலம் கழித்துச் சென்னையில் இளம் மருத்துவர் ஒருவர், தொண்டையிலும் கோளாறு இல்லை, மனத்திலும் இல்லை, குரல் நாண்களுக்கு மூளை அனுப்பும் கட்டளைதான் பிசகுகிறது என்று விளக்கினார். முற்றாகக் குணப்படுத்த வழி இல்லை. ஓர் ஊசி சில மாதங்களுக்கு இறுக்கத்தைத் தளர்த்தும், பிறகு மறுபடியும் போட வேண்டும் என்றார். போட்டுக்கொண்டேன். அவர் சொன்னபடியே தளர்ந்தது, சொன்னபடியே திரும்பி வந்தது. மறுபடியும் போட, அந்த ஊசியின் விலைக்குக் கடை வருமானம் போதவில்லை. குணமாகும் என்று எனக்கு வாக்களிக்காத முதல் மனிதர் அவர். ஆகவே அவர் ஒருவரை மட்டும் நம்பினேன்.

இந்நிலையில் என் ஒரே மகளுக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. மாப்பிள்ளை வளைகுடாவில் வேலை பார்ப்பவர்; விடுப்பு குறைவு. என் மனைவியின் தம்பியும் அதே ஊரில்தான் இருந்தார். அவரே பேசி முடித்த சம்பந்தம். திருமணத்துக்கு ஒரு மாதம் முன்னதாக வந்து இறங்கியவர், நறுமணத் தைலத்தின் வாசனையோடு என் கூடத்தில் அமர்ந்து, தொண்டையைச் செருமிக்கொண்டார். அவருடைய தொண்டைக்கு ஒன்றுமில்லை.

நிக்காஹ் சபையில், பெண்ணின் தகப்பன் மாப்பிள்ளையை நோக்கி, இன்ன மஹருக்கு, அதாவது மாப்பிள்ளை பெண்ணுக்குத் தரும் மணக்கொடைக்கு, என் மகளை உங்களுக்கு நிக்காஹ் செய்து கொடுத்தேன் என்று சொல்ல வேண்டும். அவர், ஏற்றுக்கொண்டேன் என்பார். தகப்பன் விரும்பினால் வேறொருவரை வக்கீலாக வைத்து, அவர் வாயால் சொல்லச் செய்யலாம். பல குடும்பங்களில் அதுவே வழக்கம். எங்கள் குடும்பத்தில் அப்படி இல்லை. என் தகப்பனார் என் சகோதரிகள் மூவருக்கும் தம் வாயாலேயே சொன்னவர்.

"மச்சான், தப்பா எடுத்துக்காதீங்க. மைக்க வச்சிக்கிட்டு நீங்க நின்னு நின்னு பேசினா, சம்பந்தி வீட்ல பொண்ணுக்கும் ஏதோ இருக்குன்னு நெனைப்பாங்க. நான் வக்கீலா இருந்து சொல்லிடறேன்," என்றார் மைத்துனர்.

"நா...னே சொல்...லுவேன்," என்றேன்.

"பாத்தீங்களா? இதுக்கே இவ்ளோ நேரம். சரி, ஒண்ணு செய்யுங்க. கும்பகோணம் தாண்டி ஒரு வைத்தியர் இருக்காரு. எங்க கம்பெனி ஆளோட வாப்பாவுக்கு ஊமையா இருந்த வாயத் தொறந்து விட்டாரு. ஒரே ஒரு தடவை வாங்க. அவரு சரி பண்ணிட்டா நீங்களே சொல்லுங்க. இல்லன்னா நான்."

கதவோரம் நின்ற என் மனைவி தரையைப் பார்த்தாள். அவளும் தம்பி பக்கமே என்று புரிந்துகொண்டேன். அந்த ஒரு வாக்கியம் எனக்குரியது. அதை விட்டுக்கொடுக்க மனமில்லாததால், நம்பிக்கை எள்ளளவும் இன்றி அவரோடு புறப்பட்டேன்.

வைத்தியரின் கூடத்தில் நாற்பது ஐம்பது பேர் பாயில் அமர்ந்திருந்தார்கள். அவர் முன்னால் ஒரு டேப் ரெக்கார்டர் இருந்தது. பொத்தானை அழுத்திவிட்டு, என் ஊரையும் தொழிலையும் கேட்டார். சொன்னேன், வழக்கம்போல் நைந்து சொன்னேன். கூடம் உச்சுக்கொட்டியது. நாக்குக்கு அடியில் ஒரு சிட்டிகைப் பொடி வைத்தார். கசப்பாக இருந்தது, மற்றபடி ஒன்றுமில்லை.

"பள்ளிக்கூடத்துல ரெண்டாம் வாய்ப்பாடு சொன்னீங்கள்ல, அதே மாதிரி ராகம் போட்டுச் சொல்லுங்க."

அக்கணமே அவரைப் புரிந்துகொண்டேன். இந்த நோயை அவர் அறிந்திருந்தார்! தஞ்சாவூர் மருத்துவர் அறியாததை இவர் அறிந்திருந்தார். எனக்கு முன் எத்தனையோ பேரை இப்படி அமர்த்தி, எது வரும், எது வராது என்று தெரிந்து வைத்திருந்தார். அந்த அறிவை ஒரு நோயாளிக்கும் சொல்லாமல் பொடி விற்கப் பயன்படுத்தினார். அறியாதவனை மன்னித்துவிடலாம். இவரை இன்றுவரை நான் மன்னிக்கவில்லை.

சொல்லாமல் எழுந்திருக்கலாம். ஆனால் எழுந்தால் என் வாக்கியம் மைத்துனருக்குப் போய்விடும். சொன்னேன். "ஓரிரண்டு ரெண்டு, ஈரிரண்டு நாலு, மூவிரண்டு ஆறு..." குரல் வழுவழுவென்று ஓடியது. கூடம் ஆரவாரித்தது. வைத்தியர் பொத்தானை அழுத்தி டேப்பை நிறுத்தினார்.

"கொஞ்...சம் த...ண்ணீர்," என்று கேட்டேன்.

"பேசாதீங்க. பொடி எறங்கணும்," என்று சொல்லி அடுத்தவரை அழைத்துவிட்டார்.

திரும்பும் வழியெல்லாம் மைத்துனர் மகிழ்ந்துகொண்டே வந்தார். "தண்ணி கேட்டப்ப லேசா இழுத்துச்சு, அது போகப் போக சரியாயிடும் மச்சான். நீங்களே சொல்லுங்க, நிக்காஹ்வ ஜமாய்ச்சிடுவோம்!" பொட்டலங்களை நாள்தோறும் என் கையில் கொடுத்தார். நாள்தோறும் அவற்றைக் கடை வாசல் சாக்கடையில் கொட்டினேன்.

பத்து நாள் கழித்து, கூம்பு ஒலிபெருக்கி கட்டிய வேன் ஒன்று கடைத்தெருவில் ஊர்ந்து வந்தது. முதலில் என் உடைந்த குரல், இடையில் ஓர் அறிவிப்பாளரின் ஆரவாரம், பிறகு என் இரண்டாம் வாய்ப்பாடு. என் கடையைத் தாண்டுகையில் நான் படியில் நின்றிருந்தேன். கையை நீட்டி வேனை மறித்தேன்.

"நிறுத்...து. அ...து என் கு...ரல். இன்...னும் ச...ரியாகல," என்றேன் ஓட்டுநரிடம்.

"வழி விடுங்க பெரியவரே. உங்களுக்கும் தொண்டை சரியில்லையா? அங்க போங்க, நல்லா ஆயிடும்," என்று ஒரு நோட்டீஸை என் கையில் திணித்துவிட்டு வேனை நகர்த்தினான். எதிர்க் கடையில் துணி மடித்துக்கொண்டிருந்தவர்கள் மூவிரண்டு ஆறு என்று ஒருமித்துப் பாடினார்கள்.

திருமண நாளன்று சபை நிறைந்திருந்தது. நிக்காஹ்வை நடத்தி வைக்கும் ஹஜ்ரத் உரை ஓதி முடித்து என்னைப் பார்த்தார். மைக் என் முன் வந்தது. பின்னால் அமர்ந்திருந்த மைத்துனர் என் காதருகே குனிந்தார்.

"வாய்ப்பாடு மாதிரி இழுத்துச் சொல்லுங்க மச்சான். அழகா வந்துடும்."

வந்துவிடும் என்று எனக்கும் தெரியும். ராகத்தில் சொன்னால் ஒரு கீறல் இராது. ஆனால் அப்படி வந்த வாக்கியம் என்னுடையதாக இருக்காது. அந்தப் பொடியினுடையது ஆகிவிடும். அடுத்த வாரம் அதுவும் வேனில் ஏறும். என் மகளை நான் பாடிக் கொடுப்பதாக இல்லை.

பேசினேன். என் மகளின் பெயருக்கு முன் ஒரு முறை நின்றேன். பெயரின் நடுவில் ஒரு முறை. மஹர் என்ற சொல்லில் மூச்சு முட்டியது. மாப்பிள்ளை, நல்ல பிள்ளை, என் வாயைப் பார்க்காமல் கண்ணைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தார். சம்பந்தி மேல்துண்டைச் சரிசெய்தார், மறுபடியும் சரிசெய்தார். "கொடு...த்தேன்" என்று முடித்தபோது என் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. "ஏற்றுக்கொண்டேன்," என்றார் மாப்பிள்ளை.

நிமிர்ந்து பார்த்தேன். சபையில் பாதிப் பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

மணமக்களுக்கான துஆ, அந்த வேண்டுதல், முடிந்ததும் ஒவ்வொருவராக வந்து என்னைத் தழுவினார்கள்.

"அழுவாதீங்க பாய். பெத்த மனசு அப்படித்தான்," என்றார் சம்பந்தி.

"நா...ன் அழ...ல," என்றேன்.

அவர் என்னை இன்னும் இறுகத் தழுவிக்கொண்டார். அடுத்தவரிடமும் சொன்னேன், அவரும் இறுக்கினார். மறுக்க மறுக்க என் துயரம் அவர்களுக்கு உறுதிப்பட்டுக்கொண்டே போயிற்று. பள்ளிவாசலில் என்னை இகழ்ந்த அந்த மனிதர், எல்லாருக்கும் முன்பாக என் தோளில் முகம் வைத்து உண்மையாகவே அழுதார். கடைசியில் மைத்துனர் வந்தார்.

"சொன்னேன்ல மச்சான்! பொடி இல்லன்னா இந்த அளவுக்காவது வந்திருக்குமா? அழுகைதான் நடுவுல பூந்து கெடுத்துடுச்சு."



பெண்கள் இருந்த பகுதிக்குச் சென்றேன். அங்கும் ஒலிபெருக்கி வைத்திருந்தார்கள். என் மகள் முக்காட்டை ஒதுக்கி என்னைப் பார்த்தாள். அவளைச் சூழ்ந்திருந்த பெண்கள் எல்லாரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள். அவள் கண் மட்டும் காய்ந்திருந்தது.

"இவங்கல்லாம் நீங்க அழுதீங்கன்னு சொல்றாங்க அத்தா," என்றாள். "எனக்கு நீங்க சூட்கேஸ் விக்கிற குரல்தான் கேட்டுச்சு."

"அ...தேதான்," என்றேன்.